பேனா தட்டாத நாட்கள்

காது என்பது அவளுடைய பெயர் இல்லை. ஆம்புலன்ஸ் அழைப்பறையில் இருந்த இருபத்திரண்டு பேரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். ஃபோனில் அழுகிறவர் எங்கிருந்து அழுகிறார் என்பதை, பின்னால் கேட்கிற சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். மரம் அறுக்கிற மிஷின் ஓடுகிறது, ரயில்வே கேட் மணி அடிக்கிறது, பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள் என்று. பாதி நாள் பலிக்கும். மீதி நாள் தப்பாகிப் போகும், அதைச் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வாள்.

அவளைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்டால், ஒன்றும் இல்லை. ஆனால் மற்றவர்கள் எழுதினால் என்னைக் காப்பாற்றி எழுதிவிடுவார்கள். அவர்களுக்கு நான் பாவம், வயசான பொம்பளை. அதனால் நானே எழுதுகிறேன்.

அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அவள் அம்மாவுக்கு ஒரு காய்ச்சல் வந்து இரண்டு காதும் போய்விட்டது. அப்பா அதற்கு முன்பே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டவர். கடைக்காரர், டாக்டர், வீட்டுக்காரர் என்று எல்லோருக்கும் அம்மாவுக்கும் நடுவில் இந்தப் பிள்ளைதான் நின்றது. டாக்டர் "பயப்பட வேண்டாம்" என்பார். அம்மா அவர் உதட்டைப் பார்த்து "பயப்படணும்" என்று எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுவாள். எட்டு வயதிலேயே அவளுக்கு ஒரு விஷயம் விளங்கிவிட்டது. அதை என்னிடம் முதல் நாளே சொன்னாள்.

"சொன்னது வேற, கேட்டது வேற அக்கா. நமக்குச் சம்பளம் ரெண்டாவதுக்குத்தான்."

இருபத்தொன்றாவது வயதில் அவள் அந்த வேலைக்கு வந்தபோது பத்து நாள் வகுப்பு மட்டும்தான் இருந்தது. திரையில் எதை எங்கே அழுத்துவது, என்ன கேள்வியை எந்த வரிசையில் கேட்பது, அவ்வளவுதான். பதினோராவது நாள் ஹெட்ஃபோனை மாட்டி உட்கார வைத்துவிட்டார்கள். மூன்றாவது வாரத்தில் ஒரு அழைப்பு அவள் கையை விட்டுப் போயிற்று. பேசிக்கொண்டே இருந்த பெண்ணின் குரல் நடுவில் நின்றுபோயிற்று, திரும்ப அழைத்தும் அவள் எடுக்கவில்லை. தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரிந்துகொள்ள மேற்பார்வையாளரிடம் போயிருக்கிறாள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பதால் அவருக்குக் கண்ணாடி என்று பெயர். மனுஷர் கெட்டவர் இல்லை. எல்லாருக்கும் இப்படி ஆகும், போகப் போகப் பழகிவிடும் என்று ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த ஆறுதல்தான் இவளுக்குத் தாங்கவில்லை. எதற்குப் பழக வேண்டும், தப்புக்கா என்று என்னிடம் அதைச் சொல்லும்போதுகூட அவள் மூக்கு சிவந்துதான் இருந்தது.

அதற்குப் பிறகு ஆறு வருடம் மனு மேல் மனு எழுதினாள். புதிதாக வருகிறவரை ஆறு மாதம் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும், ஒரே அழைப்பை இரண்டு ஹெட்ஃபோனில் இருவரும் கேட்க வேண்டும், ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் பேச வேண்டும். ஆள் பற்றாக்குறை என்று எழுதி நான்கு தடவை திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாவது தடவை ஒரே ஒரு ஜோடிக்கு மட்டும் அனுமதி வந்தது, சோதனைக்கு. அந்த ஜோடி தேறினால் இனி எல்லோருக்கும் இதுதான் முறை. தேறாவிட்டால் பழையபடி பத்து நாள்.

அந்த ஜோடியில் இன்னொரு ஆள் நான்.

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது, அவளுக்கு இருபத்தேழு. அம்மா என்று கூப்பிட வேண்டியவள் அக்கா என்று கூப்பிட்டாள். அதிலேயே எனக்குப் பாதி மனசு குளிர்ந்துபோயிற்று. மீதிப் பாதி மட்டும் குளிரவில்லை. நான் பதினெட்டு வருடம் ஒரு வாஷிங் மிஷின் கம்பெனியில் புகார் ஃபோன் எடுத்தவள். எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று பேசுகிற மிஷினை வைத்துவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்து என் வீட்டுக்காரரோடு சண்டை போட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். ஃபோன் பிடிக்க எனக்கு ஒரு பொடிசு சொல்லித் தருவதா என்ற நினைப்பு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

புகார் ஃபோனில் எங்களுக்கு இருந்த ஒரே மருந்து "சரிங்க". துணி சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும், வீட்டுக்காரம்மா வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பாள். ஒரு "சரிங்க"வை இழுத்துச் சொன்னால் பாதி அடங்கும். இரண்டாவது "சரிங்க"வில் அவளே ஃபோனை வைத்துவிடுவாள். ரிப்பேருக்கு ஆள் போவதென்னவோ அடுத்த வாரம்தான். பதினெட்டு வருடத்தில் அந்தச் சொல் எனக்கு மூச்சு மாதிரி ஆகிவிட்டிருந்தது. எதிராளி பேசி நிறுத்தினால் தானாக வரும். சொன்னதே எனக்குத் தெரியாது.

ஆம்புலன்ஸ் கேட்டு அழைக்கிறவர் அப்படி இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான், வண்டி வருகிறது என்று யாராவது சொல்ல வேண்டும். பாதி விலாசம் சொல்லியிருப்பார், நடுவில் "சரிங்க" என்று காதில் விழும், வண்டி கிளம்பிவிட்டது என்று ஃபோனைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார். "நீங்க கேட்டுக்கிட்டேன்னு சொல்றீங்க அக்கா, அவங்களுக்கு வந்துக்கிட்டிருக்கோம்னு கேக்குது" என்று காது எனக்கு விளக்கினாள். அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தாள். அவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்லி, அதன் வாலிலேயே அடுத்த கேள்வியைக் கட்டிவிட வேண்டும். கேள்வி நிற்கும்வரை யாரும் ஃபோனை வைக்க மாட்டார்கள்.

கேட்பதற்கு எவ்வளவு சுலபம் பாருங்கள். எனக்கு வரவில்லை.

அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். நான் அழைப்பில் இருக்கும்போது அவள் பேச முடியாது, அவள் குரலும் அந்தப் பக்கம் போய்விடும். அதனால் நான் அந்தச் சொல்லைச் சொல்கிற ஒவ்வொரு தடவையும் பேனா மூடியால் மேஜையில் ஒரு தட்டு. அவ்வளவுதான். சாயங்காலம் எத்தனை தட்டு என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைப்பாள். முதல் நாள் முப்பத்தொன்று. என்னை ஏமாற்றுகிறாள் என்று நினைத்துப் பதிவைப் போட்டுக் காட்டச் சொன்னேன். போட்டுக் காட்டினாள். முப்பத்திரண்டு இருந்தது. ஒன்றை விட்டுவிட்டேன் என்று அவள் மன்னிப்புக் கேட்டாள்.

இரண்டாவது வாரம் இருபதுக்குக் கீழே இறங்கியது. நான்காவது வாரம் ஒன்பது, எட்டு என்று வந்தது. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பேனா வேலை செய்துகொண்டிருந்தது. எனக்குத்தான் அது உள்ளே போய்ப் போய்க் குத்தியது.

ஐந்தாவது வாரம் பின்வரிசைப் பையன்களுக்கு இது விளையாட்டாகிவிட்டது. நான் அந்தச் சொல்லைச் சொல்வேன், காது ஒரு தட்டு தட்டுவாள், பின்னால் மூன்று மேஜையில் எதிரொலி கேட்கும். எனக்குச் "சரி ஆன்ட்டி" என்று பட்டம் வேறு. ஒரு நாள் அழைப்பு முடிந்து நான் ஹெட்ஃபோனைக் கழற்றும்போது ஒருவன் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவனை ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு அறையில் காதைத் தனியாகப் பிடித்துக்கொண்டேன்.

"என் பொண்ணு வயசு உனக்கு. பதினெட்டு வருஷம் ஃபோன் பிடிச்சவ நான். நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கித்தான் நீ பெரிய ஆளாகணுமா? இன்னொரு தடவை அந்தப் பேனாவை நீ தட்டினா நான் எழுந்து போய்க்கிட்டே இருப்பேன். அப்புறம் உன் சோதனை என்ன ஆகும்னு பாத்துக்கோ."

சொல்லிவிட்டு அழுதேன். அழுகை நிஜம்தான். ஆனால் அழும்போதே அது வேலை செய்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். இதை இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

அது வேலை செய்தது. அவள் முகம் வெளுத்துப் போயிற்று. போய்ப் பின்வரிசைப் பையன்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள், அதோடு அவர்கள் வாலைச் சுருட்டிக்கொண்டார்கள். பையன்கள் அடங்கிய பிறகு பேனா மறுபடி தட்டியிருக்கலாம். தட்டவில்லை. ஒரு வாரம் சின்னச் சின்னத் துண்டுச் சீட்டில் எழுதி என் பக்கம் நகர்த்திப் பார்த்தாள். நான் படிக்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு சீட்டும் நின்றது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், ஆனால் அப்படித்தான் இருந்தது. என் மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள், வாரத்துக்கு ஒரு ஃபோன், அதுவும் அவசரத்தில். இந்தப் பிள்ளை காலையிலிருந்து சாயங்காலம்வரை என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வீட்டிலிருந்து இரண்டு டப்பாவில் சாப்பாடு கொண்டுபோனேன். அவளுக்கு முடி ஒரு கட்டுக்குள் நிற்காது, ஓய்வு நேரத்தில் நான்தான் பின்னிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவோடு கையைக் காலை ஆட்டிப் பேசிக்கொண்டிருப்பேன். அந்த அம்மாளுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். மற்றவர்கள் கத்துகிறார்கள், நீங்கள்தான் வாயை நன்றாக அசைக்கிறீர்கள் என்பாள்.

வேலையிலும் நான் ஒன்றும் மோசமில்லை. காய்ச்சல், வயிற்றுவலி, கால் பிசகினது என்று வருகிற அழைப்பையெல்லாம் அழகாகவே எடுத்தேன். எதிராளி பதறினால் மட்டும் எனக்குப் பழைய பழக்கம் வந்துவிடும். அப்போது ஓரக்கண்ணால் காதைப் பார்ப்பேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாயைத் திறந்து மூடுவாள். எத்தனை தடவை அப்படித் திறந்து மூடியிருப்பாள்.

அவள் எனக்கு மகள் மாதிரி ஆகிவிட்டாள் என்று ஒரு நாள் என் வீட்டுக்காரரிடம் பெருமையடித்தேன். அவர் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர், நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

"அப்போ வேலையை யார் சொல்லித் தர்றா?" என்றார்.

டம்ளரை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஆறு மாதம் முடிந்தது. இவர் இனித் தனியாக அழைப்பு எடுக்கத் தகுதியானவரா என்று ஒரு படிவம் வந்தது. ஆம், இல்லை, கீழே அவள் கையெழுத்து. மேஜை இழுப்பறையில் ஒரு வாரம் அதை வைத்திருந்தாள். பிறகு ஒரு மதியம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, இன்னும் ஒரு மாதம் சேர்ந்து உட்காரலாமா அக்கா என்று கேட்டாள். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஈரக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் ஜோடியே ஆறு மாதத்தில் தேறவில்லை என்றால் கண்ணாடி என்ன சொல்வார், உன் மனுவெல்லாம் தண்ணீரில் போகும், யோசித்துப் பார் என்றேன். அவள் நல்லதுக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னேன். மறுநாளிலிருந்து ஒரு டப்பா மட்டும் கொண்டுபோனேன். வந்ததும் ஒரு வணக்கம், போகும்போது ஒரு வணக்கம், நடுவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் தலைமுடி மூன்று நாளும் கலைந்தே கிடந்தது.

நான்காவது நாள் காலையில் "ஆம்" என்பதில் குறி போட்டுக் கையெழுத்து போட்டாள். மறுநாள் இரண்டு டப்பா போயிற்று. லஞ்சம் என்று யாராவது சொன்னால் அடிக்க வருவேன். வேறு என்ன பெயர் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

கண்ணாடிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அடுத்து நான்கு ஜோடிக்கு அனுமதி வந்தது. காதுக்குக் கால் தரையில் பாவவில்லை. புதிதாக வரப்போகிறவர்களுக்கென்று நான்கு நோட்டு வாங்கி அட்டை போட்டு வைத்தாள். நான் என் இடத்தில் தனியாக உட்கார்ந்தேன், அவள் எதிர்வரிசைக்குப் போனாள்.

அப்படித் தனியாக உட்கார்ந்த எட்டாவது வாரம், மதியம் மூன்றரை மணி. ஓர் ஆண் குரல். மனைவிக்கு மூச்சுத் திணறல், ஏற்கெனவே இளைப்பு உள்ளவள், உதடு நீலமாகிவிட்டது. எங்கே என்று கேட்டேன். முதலில் எங்கே, பிறகுதான் என்ன, அதெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன்.

"நாலாவது குறுக்குத் தெரு, மாடி வீடு, பச்சை கேட்" என்றார். அவருக்கே மூச்சு வாங்கியது. ஒரு விநாடி நிறுத்தினார்.

"சரிங்க" என்றேன்.

எந்த ஏரியா என்று கேட்க வாயைத் திறந்தேன். ஃபோன் வைத்தாகிவிட்டது.

எங்கள் நகரத்தில் எத்தனை நாலாவது குறுக்குத் தெரு இருக்கிறது என்று நான் எண்ணியதில்லை. அவர் ஃபோன் இருந்த வட்டத்துக்குள் மட்டும் மூன்று இருப்பதாகத் திரை காட்டியது. திரும்பத் திரும்ப அழைத்தேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. எதிர்வரிசையிலிருந்து காது என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்து இரண்டாவது ஹெட்ஃபோனைச் செருகினாள். ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு அருகில் இருந்த தெருவுக்கு முதலில் ஒரு வண்டியை விட்டோம். அங்கே பச்சை கேட் எதுவும் இல்லை. இரண்டாவது வண்டி அப்போது வேறொரு நோயாளிக்காக வேறு வீட்டில் நின்றது. பதினான்கு தடவை அழைத்தேன் என்று பதிவு சொல்கிறது. அவர் ஃபோனை மனைவி பக்கத்தில் கட்டிலில் போட்டுவிட்டு, வண்டி வந்தால் கை காட்ட வேண்டும் என்று கேட்டுக்குப் போய் வெயிலில் நின்றிருக்கிறார். பத்தொன்பது நிமிஷம். பிறகு மேலே ஏறிப் போனவர் அடித்துக்கொண்டிருந்த ஃபோனை எடுத்தார்.

"இன்னும் வரலையே... நீங்கதானே சரின்னு சொன்னீங்க?"

அவர் கத்தவில்லை, திட்டவில்லை. ஏதோ எனக்கு மறந்துவிட்டது போலவும், ஞாபகப்படுத்துவது போலவும் கேட்டார். காதுதான் அவரிடம் ஏரியாவைக் கேட்டு வாங்கினாள், மனைவியின் நெஞ்சில் எப்படிக் கை வைப்பது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வண்டி போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாளுக்கு நாடி இல்லை. முப்பத்தாறு வயது என்று பிறகு தாளில் படித்தேன்.

பத்து நாள் கழித்து விசாரணை. நீள மேஜை, வெளியிலிருந்து வந்த இரண்டு அதிகாரிகள், கண்ணாடி, காது, நான். பதிவைப் போட்டார்கள். என் குரலை நானே கேட்டேன். எவ்வளவு பதமாக, எவ்வளவு அன்பாகச் சொல்லியிருக்கிறேன் அந்தச் சொல்லை. பிறகு காதின் நோட்டை மேஜையில் வைத்தார்கள். ஐந்து வாரத்துக்கு ஒவ்வொரு நாளும் எண். அதற்குப் பிறகு வெறும் பக்கங்கள்.

இந்தப் பழக்கம் இருப்பது உங்களுக்குத் தெரியுமா என்று அவளைக் கேட்டார்கள். தெரியும் என்றாள். பிறகு ஏன் எழுதுவதை நிறுத்தினீர்கள் என்றார்கள். திருத்துவதையே நிறுத்திவிட்டேன், எனக்கு அது கஷ்டமாக இருந்தது என்றாள். அவர்களில் பெண் அதிகாரி கொஞ்சம் விவரமானவர். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"யாராவது உங்களை நிறுத்தச் சொன்னாங்களா?"

நான் அவளுக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்லைங்க. நானாத்தான் நிறுத்தினேன்."

என் வாய் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அந்த அறையில் அது திறக்கவில்லை. இந்த வயதில் இந்த வேலையும் போனால் வேறு எங்கே போவேன் என்று யோசித்தேன். அவள் சின்னவள், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று யோசித்தேன். அவள் சொல்லி முடித்துவிட்டாள், இனி நான் சொன்னால் அவள் பொய் சொன்னதாக ஆகிவிடும் என்றுகூட யோசித்தேன்.

தகுதியானவர் என்று கையெழுத்து போட்டவள் அவள், பயிற்சி பெற்றவள்தான் நான். தாளின்படி பார்த்தால் குற்றம் அவள் மேல். எனக்கு எச்சரிக்கைக் கடிதமும், மறுபடி பத்து நாள் வகுப்பும் கொடுத்தார்கள். அவளை அழைப்பறையை விட்டு எடுத்து, வண்டி நிற்கிற கொட்டகையில் ஆக்சிஜன் சிலிண்டர் வருவதையும் போவதையும் எழுதப் போட்டார்கள். அங்கே ஃபோன் கிடையாது. நான்கு ஜோடிக்குக் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். ஆறு மாதம் பக்கத்தில் உட்கார்ந்தும் இந்த லட்சணம்தானே என்று ஒரு கூட்டத்தில் பேசினார்களாம். அட்டை போட்ட நான்கு நோட்டும் கண்ணாடியின் அலமாரிக்குப் போய்விட்டன.

இரண்டு மாதம் நான் கொட்டகைப் பக்கமே போகவில்லை. வேறு வாசல் வழியாக வேலைக்கு வந்தேன். அவள் ராஜினாமா கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர், நீ யாரிடம் சொல்ல வேண்டும் என்று உனக்கே தெரியும் என்பது மாதிரி பார்த்தார். மறுநாள் கண்ணாடி அறைக்குள் போய் நின்று சொன்னேன். நிறுத்தச் சொன்னது நான், மிரட்டினேன், கையெழுத்துக்கும் நெருக்கினேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபைல் மூடியாகிவிட்டது அம்மா, இனி சொல்லி யாருக்கு என்ன லாபம், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். எனக்கும் ஆறுதல்தான் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காதின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். காது என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இளைத்திருந்தாள். முடியைக் கழுத்தோடு வெட்டிவிட்டிருந்தாள்.

நான் கண்ணாடியிடம் சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னேன். பெரிய அதிகாரிகளுக்கும் எழுதிக் கொடுக்கிறேன், வேலை போனாலும் பரவாயில்லை, நீ திரும்பி வா, நான்தான் உன்னைக் கெடுத்தேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நீங்க நிறுத்தச் சொன்னது தப்பே இல்லைக்கா. கத்துக்கறவங்களுக்கு வலிக்கும், நிறுத்துன்னுதான் சொல்லுவாங்க. நிறுத்தலாமா வேணாமான்னு பாக்க வேண்டியவ நான். உங்களுக்கு நல்லவளா இருக்கணும்னு ஆசைப்பட்டுட்டேன்."

"நான் உன்னைப் பொண்ணா நினைச்சேன்டா" என்றேன்.

"தெரியும்கா. நானும் அப்படியே இருந்துட்டேன். அந்தப் பச்சை கேட் வீட்டம்மாவுக்கு அது உதவலையே."

உள்ளே அவள் அம்மா புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. ஒரு மன்னிப்பாவது வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது. அடுத்த ஞாயிறும் வருகிறேன், அம்மாவைப் பார்க்கவாவது வருகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது, குரல் மட்டும் அசையவில்லை. அழைப்பில் பேசுகிறபோது இருக்குமே, அந்தக் குரல்.

"வராதீங்கக்கா. நீங்க வந்தா உங்க முகத்தைப் பாத்து நான் மறுபடியும் விட்டுக் கொடுத்துடுவேன். ஒண்ணும் ஆகாத மாதிரி ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடுவோம். இனிமே வர வேண்டாம்."

எனக்குக் கோபம் வரவில்லை. அழவும் இல்லை. என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசிக்கவும் இல்லை. அவள் என்னைத் திருத்தியதில் நான் முகம் சுளிக்காமல் கேட்டது அது ஒன்றுதான். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.